பெரிய வெள்ளியில் அடித்த பதினேழு அடி

மகன்,

நான் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் நோகிறது, கண் பரவாயில்லை, சோறு இறங்குகிறது. என் சுகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற கை, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த லூர்தம்மா ரீச்சருடையது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கையெழுத்துக் கேட்ட கந்தோர்களில் எல்லாம் பெருவிரலை வைத்தே எழுபத்தெட்டு வயதைக் கடத்திவிட்டேன். நான் சொல்லச் சொல்ல ரீச்சர் அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். சொல்லை அவர் திருத்தலாம், நடந்ததைத் திருத்தக் கூடாது. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் கட்டிலில் அவருடைய தமையன் பாவிலு ஒரு பக்கம் விழுந்துபோய்க் கிடக்கிறான். வலது கையும் வலது காலும் வழங்காது. காதும் வாயும் நன்றாக இருக்கின்றன. அவன் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீட்டுக்கு வந்து இதைச் சொல்கிறேன். நான் கூட்டினாலும் குறைத்தாலும் அவன் சத்தம் போடுவான்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் வந்த கையோடு நீ ரெலிபோன் எடுத்தாய். “அப்பா, விசா சரி. ஐப்பசியில வாங்கோ. அங்க தனியக் கிடந்து இனி என்ன செய்யப்போறியள்?” என்றாய். சந்தோசமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, “வரேக்குள்ள மறக்காமல் அந்தத் திருக்கைவாலைக் கொண்டுவாங்கோ. இவன் சொல்வழி கேக்கிறானில்லை. சுவரில கொழுவி வைக்கவேணும். நீங்கள் எனக்குத் தந்த மாதிரி ரெண்டு குடுத்தால்தான் மனிசனாவான்” என்று சொல்லிச் சிரித்தாய். அதுவரை உனக்குப் பின்னால் உன் மகன் எதையோ நிலத்தில் உருட்டி, பாட்டுப் பாடி, ஒரே ஆரவாரம். நீ அதைச் சொன்ன உடனே அந்தச் சத்தம் நின்றது. உருட்டலும் நின்றது, பாட்டும் நின்றது. கனடாவுக்கும் மன்னாருக்கும் நடுவில் எத்தனை கடல் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அந்த எட்டு வயதுப் பிள்ளை மூச்சை அடக்கியது என் காதுக்குள் கேட்டது. எனக்கு அந்த மாதிரி அடக்கம் பழக்கம். என் கையால் மூன்று பேரை நான் அப்படி அடக்கியிருக்கிறேன். ஒருத்தி உன் அம்மா. ஒருவன் நீ. மற்றவன் இந்தக் கட்டிலில் கிடக்கிறவன். உனக்கு அப்போது “பாப்பம் மகன்” என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தேன். இப்போது பதில் சொல்கிறேன்.

திருக்கைவால் உனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி ஞாபகம் இருக்கும். எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஒன்று தொங்கும். நம்முடையதை நானே செய்தேன். நான் கலியாணம் முடித்த வருசம் வலையில் வந்த திருக்கை, நாலு பேர் தூக்கிய மீன். உயிர் போகமுன்னமே காலால் மிதித்துக்கொண்டு வாலை அறுத்தேன். அது துடித்து என் முழங்கையைக் கிழித்தது. முள்ளைக் கழற்றி, வாலுக்கு எண்ணெய் பூசி, வளையாமல் இருக்க இரண்டு கல்லுக்கு நடுவில் இழுத்துக் கட்டி வெயிலில் காயப்போட்டேன். காய்ந்தால் அரம் மாதிரி இருக்கும். பிரம்பால் அடித்தால் தடிக்கும், இதால் அடித்தால் தோல் கூடவே வரும். புதுப் பெண்சாதியாக உன் அம்மா வாசலில் நின்று, “இது ஆருக்கு?” என்று கேட்டாள். “வீட்டில இருக்கட்டும்” என்றேன். ஆருக்கு என்று அவளுக்கு அந்த மாரி காலம் முடியமுன் தெரிந்துவிட்டது.

நான் கெட்டிக்காரக் கடற்தொழிலாளி என்று ஊர் சொல்லும். கைகாரன் என்றும் சொல்லும். இரண்டையும் நான் ஒரே மாதிரிப் பெருமையாக வைத்திருந்தேன். சந்தையில் அடித்திருக்கிறேன், வாடியில் அடித்திருக்கிறேன், கள்ளுத் தவறணையில் ஒருவனின் பல்லைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்கும் போனேன். அடிப்பது ஒரு பக்கம், பூசை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று கதைக்கவில்லை.

அந்த வருசம் உனக்கு ஏழு வயது. சண்டைக் காலம் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. பெரிய வெள்ளிக்குப் பாஸ்கு, ஏசுவின் பாடுகளை நடிக்கிற நாடகம், போடுவதென்று கோயிலில் தீர்மானமாகி, நாடகம் பழக்குகிற அண்ணாவியார் ஆட்களைப் பிரித்தார். ஏசுவாகப் பாவிலு. அடிக்கிற சேவகனாக நான். என் தோளைப் பார்த்துத்தான் எனக்கு அதைத் தந்தார். எங்கள் ஊர் முறையில் ஏசுவாக நிற்கிறவன் தவசு காலம் நாற்பது நாளும் மீன் இறைச்சி என்று மச்சம் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, ஆரோடும் வாய்ச்சண்டைக்கும் போகக்கூடாது. அதை நேர்த்திக்கடனாக எடுப்பார்கள். பாவிலு என்னிலும் ஒரு வயது இளையவன், கரைவலை இழுக்கிற கரையில் எனக்கு அடுத்த பாடு அவனுடையது. நல்ல பலசாலி. மற்ற நாளில் என்றால் அவனில் கைவைக்க நானே யோசிப்பேன்.

பெரிய கிழமை வந்தது. புதன்கிழமையோடு எங்கள் கரையில் வலை எல்லாம் ஏறிவிடும். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடியும்வரை ஆரும் கடலில் கால் நனைக்கமாட்டார்கள். அந்தப் புதன் பின்னேரம் பார்த்தால் கரையோடு சூடைமீன் வந்து கடல் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அந்த வருசம் முழுக்க அப்படி ஒரு மீன் நான் காணவில்லை. “விடிய வலையை இறக்குவம்” என்று என் ஆட்களுக்குச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் பாவிலு வந்தான்.

“மச்சான், விடிஞ்சால் பெரிய வியாழன். வலையை இறக்காதை.”

“நீ ஏசுவாய் நிக்கிறது வெள்ளிக்கிழமைதானே? இண்டைக்கே பிரசங்கம் வைக்கிறாய்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்” என்றுவிட்டுப் போனான். அவ்வளவுதான் கதை. வீட்டில் உன் அம்மாவும் அதையே சொன்னாள். அவளுடைய பயம் வேறு. பெரிய கிழமையில் கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்துபோன பயம். என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை ஓங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஓங்கினேன். கன்னத்தில் விட்ட அறையில் அவள் அடுப்படியில் போய் விழுந்தாள். நீ பாயில் முழித்துக்கொண்டு கிடந்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். அது எனக்குத் தெரியும்.

வியாழன் விடிய, வலை வைக்கிற வாடிக்குப் போனேன். கரைவலையின் மடி, மீன் வந்து விழுகிற அந்தப் பை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டிக் கிடந்தது. கிழிந்ததில்லை, கத்தியால் வெட்டியது. மடி இல்லாத கரைவலையால் ஒரு மீனும் பிடிக்கமுடியாது. கடலைப் பார்த்தேன், சூடை இன்னும் கறுப்பாக நின்றது. என் ஆட்களில் ஒருவன், “ஆரோ உனக்குப் பிரசங்கம் வச்சிட்டாங்கள்” என்றான். அது போதும் எனக்கு. ஆர் என்று நான் யோசிக்கவே இல்லை. விசாரிக்கவும் இல்லை. அன்றைக்கே பாவிலுவின் வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால் ஆளுக்கு ஆள் அடிபட்டு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவன் நேர்த்தியில் இருக்கிறவன், அவனில் கைவைத்தால் ஊர் என்னைக் கொன்றுவிடும். எனக்கு வேறொரு யோசனை வந்தது. நாளைக்கு ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவனை அடிக்கிற வேலையை அண்ணாவியாரே எனக்குத் தந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பாஸ்குச் சாட்டை தும்புக் கயிற்றால் செய்தது. அடிக்கமுன் அதைச் சிவப்புச் சாயத்தில் தோய்ப்பார்கள். அடித்தால் நோகாது, முதுகில் சிவப்புக் கோடு மட்டும் விழும். மூன்று அடி, அதற்குள் பின்பாட்டு ஒருமுறை முடியும், பிறகு அவனைத் தூணிலிருந்து அவிழ்க்கவேண்டும். அதுதான் பாடம். நான் கதவுக்குப் பின்னாலிருந்த திருக்கைவாலைச் சேவகனின் சிவப்புத் துணிக்குள் சுற்றிக்கொண்டு மேடையேறினேன். பாவிலுவின் கையைத் தூணில் நானே கட்டினேன். இறுக்கிக் கட்டினேன். அவன் திரும்பி என் கையில் இருந்ததைக் கண்டான். முகத்தைத் தூணுக்குத் திருப்பிக்கொண்டான்.

முதல் அடியிலேயே இரத்தம் வந்தது. சனம் அதைச் சாயம் என்று நினைத்தது. இரண்டாவது அடிக்குப் பெண்கள் நெஞ்சில் அடித்து அழத் தொடங்கினார்கள். மூன்றாவதுக்குப் பின்பாட்டு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. அண்ணாவியார் திரைக்குப் பின்னால் நின்றவர், எனக்கு உருவந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டை மறுபடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாட்டு என் கைக்குத் தாளம் மாதிரி இருந்தது. வாலை இழுக்கும்போது சதை ஒட்டிக்கொண்டு வந்து என் முகத்தில் தெறித்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. “இது என்ர மடிக்கு” என்று பல்லுக்குள்ளே சொல்லிச் சொல்லி அடித்தேன். அவனுக்கு மட்டும் கேட்கும்படி. அவன் ஒருமுறை கூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் சனம் விளங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கும். கத்தாதது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. நடிக்கிறான், ஏசுவாகவே நிற்கிறான் என்று நினைத்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ரீச்சர் பேனையை நிறுத்திவிட்டார். கட்டிலிலிருந்து பாவிலு, “பதினேழு” என்கிறான். “எழுது தங்கச்சி, பதினேழு. எண்ணினது நான்தான், அவனில்லை.” எழுதியாகிவிட்டது.

உன் அம்மா முன்வரிசையில் இருந்தவள், நெற்றியை மண்ணில் வைத்துக்கொண்டு கடைசிவரை நிமிரவில்லை. பக்தி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேடையை விட்டு இறங்கினதும் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். “அப்பா, எல்லாரிலும் நீங்கள்தான் நல்லாச் செய்தனீங்கள்!” என்றாய். உன் உள்ளங்கை சிவப்பாகிவிட்டது. சாயம் என்று நினைத்து உன் சட்டையில் துடைத்தாய். அந்த நடிப்புக்காக உயிர்ப்பு ஞாயிறன்று கோயிலில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டு நின்றேன் மகன்.

பாவிலுவின் முதுகு புண்ணாகிப் புழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாரணை வரும் என்று அவன் போகவில்லை. முசலிப் பக்கத்திலிருந்து மீன் வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் தங்கள் ஊரில் வைத்தியம் பார்க்கிற பரியாரியைக் கூட்டிவந்தார். பரியாரி காயத்தைக் கண்டுவிட்டு, “அல்லாவே, இதை நாடகத்தில அடிச்சதெண்டா சொல்லுறீங்க?” என்று கேட்டாராம். “ஓம், நாடகத்தில” என்று பாவிலு சொன்னானாம். மூன்று மாதம் கடலில் இறங்க முடியாமல் கிடந்தான். உப்புத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். நான் வருசாவருசம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குடித்ததைச் சொன்னேன், தூசணம் பேசியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பாஸ்குவில் அடித்தது எப்படிப் பாவமாகும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

உன்னை அடித்தது அதற்கு ஐந்து வருசம் கழித்து. வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைச் சரியாகக் கட்டாமல் விட்டாய், வள்ளம் இழுபட்டுப்போய்க் கல்லில் மோதியது. அதே வாலை எடுத்தேன். நீ ஓடிப்போய்க் கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்துக்குக் கீழே ஒளித்தாய். காலைப் பிடித்து வெளியே இழுத்து அடித்தேன். வலது கெண்டைக்காலில் அந்த அடையாளம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அங்கே கூட்டாளிமாருக்கு, “அப்பாவின்ர அடிதான் என்னை ஆளாக்கினது” என்று சொல்லிச் சிரிக்கிறாயாம். மருமகள் ஒருநாள் எனக்குச் சொன்னாள். மகன், அது பொய். நீ ஆளானது அந்த இரவு அம்மா உன் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டி, இரண்டாம் நாள் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனதால். நான் அடித்ததால் நீ கற்றது ஒன்றே ஒன்று. நான் வீட்டுக்குள் வந்தால் நீ கதைப்பதை நிறுத்தப் பழகினாய். கனடாவுக்குப் போகும்வரை என்னோடு நீ பத்துச் சொல் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அதை மரியாதை என்று நான் ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு சண்டைக் காலம் வந்தது. ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் துவக்குப் பிடியால் என்னை அடித்தான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நாலாவது அடியில் நான் ஐயோ என்று ஊர் கேட்கக் கத்தினேன், மலசலம் போய்விட்டது. மண்ணில் கிடக்கும்போது ஒரு யோசனை வந்தது. பாவிலு ஏன் கத்தவில்லை? அன்றைக்குத்தான் முதல்முதலாக அதை யோசித்தேன். நாங்கள் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருந்தோம், திரும்பினோம், வீடு கூரையில்லாமல் நின்றது. நீ கனடா போனாய். பாவிலுவின் மனைவி முகாமிலேயே காய்ச்சலில் போனாள், பிள்ளைகள் இல்லை. அவனும் நானும் ஒரே ரோட்டில் எத்தனையோ வருசம் ஆளை ஆள் பார்க்காமல் நடந்தோம்.

உன் அம்மாவின் கடைசிக் கிழமை உனக்கு வர முடியவில்லை. அதற்காக நீ இன்னும் அழுகிறாய், எனக்குத் தெரியும். அவள் உன்னைக் கேட்டாள். அதைவிட வேறொன்றும் சொன்னாள். சாகக்கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் முடிந்து கோயில் சுவாமி போன பிறகு, என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். “மடியை வெட்டினது நான்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. “பெரிய வியாழன். மீன் வெட்டுற கத்தியால. நீங்கள் போனா வரமாட்டியள் எண்டு பயந்தன். பிறகு சொல்லப் பயந்தன்.” அவள் கண் என் கையைத்தான் பார்த்தது. படுக்கையில் எலும்பாகக் கிடக்கிறாள், எனக்கு எழுபத்திரண்டு வயது, அப்போதும் என் கையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். மகன், நான் ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய தலையைத் தடவக்கூட எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுவாமி உன்னிலும் வயது குறைந்தவர். “ஐயா, கடவுளிட்ட மன்னிப்புக் கேட்டுட்டியள். அந்த மனிசனிட்டக் கேட்டனீங்களோ?” என்றார். இல்லை என்றேன். “அப்ப எழும்பிப் போங்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு செபமாலைகூடச் சொல்லச் சொல்லவில்லை.

அந்த வாலை எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். பாவிலுவுக்குப் பாரிசவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரீச்சர் வாசலில் என்னைக் கையில் வாலோடு கண்டதும் பயந்துவிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்றேன். வாலை அவனுடைய இடது கையில் வைத்தேன். “மடியை வெட்டினது என்ர மனிசி. நீயில்லை” என்றேன்.

“தெரியும்” என்றான்.

“எப்பிடித் தெரியும்?”

“விடியக் கோயிலுக்குப் போகேக்குள்ள அவ வாடியால வந்தவ. கையில கத்தி. என்னைக் கண்டிட்டு நடுங்கினவ. நான் காணாத மாதிரிப் போட்டன்.”

“பிறகேன்டா தூணில வாய் திறக்கேல்லை?”

“வாய் திறந்தா என்ன சொல்லுறது? நானில்லை எண்டு சொன்னா ஆர் எண்டு கேப்பாய். எனக்குப் பதினேழோட விட்டனீ. அவவை விட்டிருப்பியோ?”

முப்பது வருசத்துக்கு மேலாக நான் யோசித்த கேள்விக்குப் பதில் அதுதான். அவன் ஏசுவாக நடிக்கவில்லை மகன். உன் அம்மாவுக்கு முன்னால் நின்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு, “அடி” என்றேன். மன்னிப்புத் தருவான், வாலைக் கீழே போடுவான் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு நினைப்பு இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவன் அடித்தான். இடது கை, கிடந்தபடி, ஆனால் கரைவலை இழுத்த கை. கழுத்தில் பிடித்து காது மடலைக் கிழித்துக்கொண்டு போனது. ரீச்சர் கத்திக் குழறினார். நானும் குழறினேன். இரத்தம் நெஞ்சில் வடிந்தது. இரண்டாவதுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, “கை நோகுது. மிச்சத்துக்கு நாளைக்கு வா” என்றான்.

மற்ற நாள் காலையில் போனேன். ரீச்சர் மருந்து எடுக்கப் பட்டினத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நாற்றம். அவன் தன் மலசலத்துக்குள்ளே கிடந்தான், முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். “அடிக்க வந்தனீயோ?” என்றான் ஒரு வெட்கத்தோடு, நான் அடிவாங்க வந்தவன் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டான். எனக்கு அந்த நிலை தெரியும், துவக்குப் பிடிக்குக் கீழே நான் கிடந்தது அப்படித்தான். தண்ணீர் அள்ளி வந்தேன். நனைந்து பாரமாகிப்போன வள்ளத்தைக் கரையேற்றுகிற விதத்தில் அவனைப் புரட்டினேன், தோளைக் கொடுத்துத் தூக்கினேன். அப்போதுதான் அந்த முதுகை வெளிச்சத்தில் கண்டேன். உழுத வயல் மாதிரி. என் கை அதன் மேல் போய்ச் சவர்க்காரம் போட்டது. அவன், “அங்கதான் கடிக்குது, நல்லாத் தேய்” என்றான்.

அன்றிலிருந்து ஆறு வருசம். விடியப் பூசை, அது முடிய இந்த வீடு. தூக்குகிறேன், கழுவுகிறேன், கஞ்சி பருக்குகிறேன், புண் வராமல் இருக்க மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுகிறேன். பக்கத்தில் ஒரு வருத்தக்காரனைப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். கோயிலில் போர்த்திய அந்தச் சால்வையை நாலாகக் கிழித்து அவனைத் துடைக்க வைத்திருக்கிறேன். “இண்டைக்கு அடிக்கட்டோ? பதினாறு மிச்சம்” என்பான் ஒவ்வொரு நாளும். “உடுப்பை மாத்திப்போட்டு அடி” என்பேன். அவன் அதற்குப் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை. வாலை மெத்தைக்குக் கீழே வைத்திருந்தான். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவுமில்லை. நான் கேட்பதை விட்டுவிட்டேன். தனியக் கிடந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீ கேட்டாயே, இதுதான் செய்கிறேன். இந்த வயதில் கடவுள் என் கையை ஏன் இன்னும் பலமாக வைத்திருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. என் வயதுக்காரர் சாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் காத்திருக்க நேரமில்லை, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேலை இருக்கிறது.

நீ ரெலிபோன் எடுத்த அடுத்த நாள் பாவிலுவிடம் வாலைக் கேட்டேன்.

“உனக்கேன்?”

“மகன் கேக்கிறான். பேரனை வெருட்டவாம்.”

அவன் முகம் மாறியது. மெத்தைக்குக் கீழே கைவிட்டு எடுத்தான். “இது ஆர்ர சாமான்?”

“என்ர.”

“இல்லை. நீ எனக்குத் தந்தனீ. என்ர. போய்க் கத்தி எடுத்துக்கொண்டு வா.”

“டேய், பதினாறு மிச்சமெல்லோ?”

“கதையாதை. வெட்டு.”

முற்றத்து மரக்குற்றியில் வைத்து வெட்டினேன். நாற்பத்தைந்து வருசத்துக்கு மேல் காய்ந்த வால், கத்தி துள்ளியது, இரண்டு தரம் என் விரலைப் பதம் பார்த்தது. பாவிலு கட்டிலில் கிடந்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டு, “இன்னும் சின்னதா, இன்னும் சின்னதா” என்று கத்தினான். பகல் முழுக்கப் பிடித்தது. அடுப்பில் போட்டோம். மயிர் கருகுகிற மாதிரி நாற்றம் தெருவெல்லாம் போய், ஆர் வீட்டில் என்ன எரிகிறது என்று சனம் கேட்டு வந்தது. எரிந்து முடிய, “இனி உன்னை வாயாலதான் அடிக்கவேணும்” என்றான்.

ஆகவே மகன், கொண்டுவருவதற்கு வால் இல்லை. அங்கே கடையில் பெல்ட் கிடைக்கும், தடி கிடைக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் உன் கை இருக்கிறது, அது என் கை மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொல்லுவாள். அதனால்தான் இவ்வளவையும் சொன்னேன். நீ ஏற்கெனவே அவனை அடித்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிய விதத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்றைக்கு அவன் வாயை மூடுவான். நீ சொல்வழி கேட்கிறான் என்று சந்தோசப்படுவாய். அவனுக்கு நடப்பது ஒன்றும் பிறகு உனக்குத் தெரியவராது. நீ சாகக்கிடக்கும்போதோ அவன் சாகக்கிடக்கும்போதோ, உன் கையைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல் சொல்லுவான். எனக்கு நடந்தது அதுதான். எனக்குக் கழுவ ஒரு முதுகாவது மிஞ்சியது. உன் அம்மாவுக்கு நான் செய்ய இனி ஒன்றும் இல்லை. நான் உன்னை வள்ளத்துக்குக் கீழே இருந்து காலைப் பிடித்து இழுத்தேன் மகன். அது பிழை. உன்னிடம் இதை நேரில் முழங்காலில் நின்று சொல்லவேண்டியவன் நான். எழுத்தில் சொல்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. பாவிலு ஆறு வருசமாகச் சொல்லவில்லை, நான் சாகவில்லை.

ஐப்பசிக்கு நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. ரீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது, அவரால் இவனைப் புரட்ட முடியாது. விசாவுக்கு நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும், அதற்கு என் நன்றி.

ரீச்சருக்குக் கை வலிக்கிறதாம். பாவிலு அவரிடம், “அந்தப் பொடியனிட்ட ரெலிபோனைக் குடுக்கச் சொல்லு. நான் கதைக்கவேணும்” என்கிறான். என்ன கதைக்கப்போகிறான் என்று கேட்டேன். “அவன் கதைக்கட்டும், நான் கேக்கிறன்” என்கிறான். ஞாயிறு பூசை முடிய நான் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். ரெலிபோனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீ அறையை விட்டு வெளியே போ. முதலில் அவன் ஒன்றும் பேசமாட்டான். நாங்கள் வைத்துவிடமாட்டோம். நிலத்தில் எதையாவது உருட்டச் சொல்லு, பாடச் சொல்லு, எங்களைக் கிழட்டுக் கழுதைகள் என்று ஏசவும் சொல்லு. அவன் சத்தம் போடும்வரை இரண்டு பேரும் காதை எடுக்காமல் இருப்போம்.